மூன்று ஸ்க்ரூவும் உங்கள் மகளும்

அரவேணு,
ஐப்பசி 22

மதிப்பிற்குரிய சம்பந்தி திருமலைசாமி அவர்களுக்கு அரவேணு மாரப்பன் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் சம்சாரம் பழனாத்தா, மகன் நந்தகுமார், உங்கள் மகள் சுகந்தி எல்லோரும் சுகம். என்னைப் பொறுத்தவரை இடுப்புக்கு மேலே முழுச் சுகம், இடுப்புக்குக் கீழே முக்கால் சுகம். அங்கே தங்கள் சுகமும் சம்பந்தியம்மாவின் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன என்று தெரியப்படுத்தவும். அன்னூரில் மழை உண்டா? இங்கே பதினோரு நாளாகத் துணி காயவில்லை. பழனாத்தா ஈரத் துணியையெல்லாம் என் கட்டிலைச் சுற்றிக் கொடி கட்டிப் போட்டிருப்பதால், நான் ஒரு கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறீர்கள், எங்கள் வீட்டுச் சுவரோ மெல்லிசு. நான் சொல்லப்போவது உங்கள் மகள் காதில் விழக்கூடாத விஷயம். தவிர, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க நீங்களும் சம்பந்தியம்மாவும் வந்தபோது நான் மயக்கத்தில் இருந்தேன். நடந்த கதையைப் பழனாத்தாதான் சொன்னாளாம். அவள் சொன்னது தப்பான கதை. குடும்பத்துக்குள் தப்பான கதை நடமாடக் கூடாது என்பதற்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் காட்டெருமை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தேயிலைக்குள் அன்றைக்கு விடிந்ததும் ஒரு காட்டெருமை வந்து நின்றது. நான் அதைத் துரத்தினேன். அது நின்ற இடத்திலேயே நின்றது, இவர்தான் ஓடினார் என்று பழனாத்தா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். துரத்துகிறவன் ஓடத்தானே வேண்டும்? எந்தத் திசையில் ஓடினேன் என்பதெல்லாம் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தவளுக்கு எப்படிச் சரியாகத் தெரியும்? ஓடின இடத்தில் மழைத்தண்ணீர் போகிற பள்ளம் இருந்தது. வலது பக்கமாக விழுந்தேன். விழுந்தவன் நானாகவே எழுந்தேன், நானாகவே நடந்து வீட்டுக்கு வந்தேன், நின்றபடியே ஒரு டம்ளர் டீயும் குடித்தேன். உட்கார முடியாததால் நின்று குடித்தேன் என்பது அவள் சேர்த்துக்கொண்டது.

மூன்று நாள் நடந்தேன் சம்பந்தி. கடைக்குப் போனேன், ரேஷனுக்குப் போனேன். தொடை இடுக்கில் சுருக் சுருக்கென்று குத்தியது. தைலம் தேய்த்தால் போகும் என்று தேய்த்தேன். போகவில்லை. தைலம்தான் போனது, இரண்டு பாட்டில். நாலாம் நாள் சுகந்தி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டூட்டி முடிந்து வந்தவள், நான் படியேறுவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, "மாமா, வலது காலை எடுத்து வெக்கறப்ப வேட்டியப் புடிச்சுத் தூக்கறீங்களே, எதுக்குங்க?" என்றாள். வேட்டி தடுக்குது சாமி என்றேன். "வேட்டியோட சேத்துக் காலையுந்தான தூக்கறீங்க" என்றாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஒரு படம் எடுத்துப் பாத்தரலாம் என்றாள். நான் முடியாது என்றேன்.

ஏன் முடியாது என்றேன் என்று உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. மருமகள் முன்னால் மேஜை மேல் மல்லாக்கப் படுக்கிற மாமனாரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான்கு வருடத்துக்கு முன் நிச்சயதார்த்தத்தன்று உங்கள் வீட்டுக் கூடத்தில், "எங்க ஊட்ல மருமகளுங்க வேலைக்குப் போற வழக்கமில்லீங்க" என்று நான் சொன்னதை நீங்கள் மறந்திருப்பீர்கள். மறக்காவிட்டால் இப்போது மறந்துவிடவும். கல்யாணமாகி நாலாம் நாள் இந்தப் பெண் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, திங்கக்கெழம டூட்டில சேந்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்கவில்லை, சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் யாரிடமும் பேசாமல் இருந்தது கோபத்தினால் அல்ல. அது தொண்டைக்கட்டு. பழனாத்தா எது சொன்னாலும் அது தொண்டைக்கட்டுதான்.

படம் எடுக்க வரமாட்டேன் என்று நான் உறுதியாக நின்றதும் அவள் வாதாடவில்லை. சாப்பிட்டு முடித்து பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரி, "எங்க ஆஸ்பத்திரில புது எக்ஸ்ரே மெஷின் வந்திருக்குதுங்க. மாட்டிட்டுப் போன இஞ்சினியரு வயரிங்ல ஏதோ சந்தேகம்னாருங்க. பெரிய பேக்டரில மெஷின் பாத்த ஆளுங்க யாராச்சும் வந்து பாத்தாத் தேவலைன்னு எல்லாரும் பேசிக்கறாங்க" என்றாள். முப்பத்தொரு வருடம் தேயிலை பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ரோலரின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொன்னவன். காலையில் அவள் எழுவதற்கு முன்பே குளித்து, வெள்ளைச் சட்டை, ஸ்வெட்டர், மப்ளர் சகிதம், சட்டைப் பையில் டெஸ்டரும் குத்திக்கொண்டு வாசலில் நின்றேன். பஸ்ஸில் டிரைவரிடமும், கண்டக்டரிடமும், பக்கத்தில் முட்டைக்கோஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்தவரிடமும் மெஷின் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன்.

அந்த மெஷினை நீங்கள் பார்க்க வேண்டும் சம்பந்தி. அறைக் கதவுக்கே ஈயம் வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து ஒரு கை இறங்கி வருகிறது, தொட்டால் நகர்கிறது, விட்டால் நிற்கிறது. பிலிம் கழுவுகிற வேலை கிடையாது. எடுத்த நிமிஷமே கம்ப்யூட்டரில் எலும்பு வந்து நிற்கிறது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஸ்விட்ச் போர்டில் டெஸ்டரை வைத்து, வயரிங் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று அறிவித்தேன். "அப்பாடா, இப்பத்தாங்க நிம்மதி" என்றாள் சுகந்தி. "வந்தது வந்தீங்க, அப்படியே அந்த டேபிள் எம்புட்டு வெயிட் தாங்குதுன்னும் படுத்துப் பாத்துச் சொல்லீருங்க மாமா" என்றாள். படுத்தேன். அதற்குப் பிறகுதான் கதவு சாத்தப்பட்டதைக் கவனித்தேன்.

டெஸ்டரை வாங்கி வைத்தாள், சாவிக்கொத்தை வாங்கி வைத்தாள், மூக்குக் கண்ணாடியை வாங்கி வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "அரணாக்கொடி வெள்ளிங்களா மாமா? படத்துல உழுகும், கழட்டோணும்" என்றாள். என் அறுபத்தாறு வருட வாழ்க்கையில் என் அரைஞாண்கொடியைப் பற்றி ஒரு பெண்பிள்ளை வாயில் கேட்டது அதுதான் முதல் தடவை. கழற்றவில்லை. நெஞ்சுவரைக்கும் ஏற்றிக்கொண்டு கழற்றிவிட்டதாகச் சொன்னேன். பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும் என்று அவள் கிட்டே வந்தாள். நான் காலை விறைத்துக்கொண்டு, "காலத் தொடாத சாமி, அப்படியே எடு" என்றேன். அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு தொடாமல் எடுத்தாள்.

படத்தை டாக்டர் நௌமான் பார்த்தார். சின்ன வயசு, நல்ல மரியாதை. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "முறிவு எதுவும் தெரியலைங்க ஐயா. சதைப்பிடிப்பா இருக்கும். மாத்திரை தர்றேன், மெதுவா நடங்க, சரியாயிரும்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கிறீர்களா! மருமகளின் சந்தேகம் பொய், மாமனாரின் தைலம் மெய். வெளியே வராந்தாவில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இசக்கியம்மா என்று ஒரு எஸ்டேட் தொழிலாளி, மணிக்கட்டு வீங்கி முனகிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று வராந்தாவின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒரு நடை நடந்து காட்டினேன். "பாத்தீங்களா, எலும்புல்லாம் அந்தக் காலத்து எலும்பு" என்று இசக்கியம்மாவிடம் சொன்னேன். அது, "ஒங்களுக்கென்ன ராசா" என்று சொல்லிவிட்டு மறுபடி முனகியது.

அப்போது சுகந்தி டாக்டர் அறை வாசலில் நின்று பேசுவது கேட்டது. "சார், ஒரு சைடு வியூ எடுக்க பெர்மிஷன் குடுங்க சார். முதல் படத்துல பாதம் திரும்பல. எலும்போட கழுத்து நேரா விழுகல." டாக்டர், "அவரு நடக்கறாரேம்மா" என்றார். "நடக்கறாருங்க சார். ஆனா படுக்க வெச்சாக் காலத் தானாத் தூக்க முடியலீங்க. கையில புடிச்சுத்தான் தூக்கறாரு." நான் விடுவேனா? "டாக்டர், இதப் பாருங்க, மாடிப்படியே ஏறிக் காட்டறேன்!" என்று படியை நோக்கித் திரும்பி வலது காலைத் தூக்கினேன்.

"மாமா! நில்லுங்க அங்கயே!"

சம்பந்தி, நான்கு வருடமாக எங்கள் வீட்டில் அந்தப் பெண் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மிக்ஸி ஓடும்போதுகூட மெதுவாகப் பேசுகிற பெண். அந்தக் குரலில் இசக்கியம்மாவின் முனகல் நின்றுவிட்டது. மருந்து எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் பேனாவை வைத்துவிட்டாள். பேக்டரியில் நூற்றிருபது பேரை நிற்கவைத்தவன் நான், ஒரு காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். "கால மெதுவாக் கீழ வெய்ங்க. ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டரும் எழுந்து வந்து, "சரிம்மா, எடுத்துப் பாருங்க" என்றார்.

இரண்டாம் தடவை கதவைச் சாத்தியதும் அவள் என் தலைமாட்டில் வந்து நின்றாள். குரல் பழையபடி ஆகிவிட்டது. "மாமா, மொதப் படத்த மருமகளா நின்னு எடுத்தனுங்க. அது என்ற தப்பு. இந்தப் படத்த வேலைக்காரியா நின்னு எடுக்கறேன். நான் சொல்றபடி இருக்கோணும்" என்றாள். அரைஞாண்கொடியைக் கழற்றி என் கையாலேயே அவள் கையில் கொடுத்தேன். ஒரு போர்வையால் இடுப்பு வரைக்கும் மூடினாள். குளிரில் கை சில்லிட்டிருக்கும் என்று இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அப்புறம்தான் என் பாதத்தைத் தொட்டாள். தொட்டது தெரியவே இல்லை. இடது காலைத் தூக்கி ஒரு ஸ்டாண்டில் வைத்தாள். அந்தக் கோலத்தில் என்னை யாராவது பார்த்திருந்தால் பென்ஷனை நிறுத்தியிருப்பார்கள். "மூச்ச இழுத்துப் புடிங்க, பேசாதீங்க" என்றாள். நான், "எத்தன நேரம் சாமி புடிக்கறது?" என்று கேட்டதால் அந்தப் படம் ஆடிப்போய்விட்டது. மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை பேசவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. "என்ன சாமி தெரியுது?" என்றேன். "டாக்டர் சொல்லுவாருங்க மாமா" என்றாள். "நீ சொல்லக் கூடாதா?" "நாஞ் சொல்லக் கூடாதுங்க." டாக்டர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு, "நல்லவேளைம்மா" என்றார். மயிரிழை மாதிரி ஒரு கோடு. தொடை எலும்பின் கழுத்தில், ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குள் சொருகிக்கொண்டு நின்றிருக்கிறது. அதனால்தான் நடக்க முடிந்ததாம். மாடிப்படி ஏறியிருந்தால் சறுக்கி இரண்டாகப் போயிருக்குமாம். அப்புறம் எலும்பையே எடுத்துப் போட்டுவிட்டு உலோகத்தில் வேறு வைக்க வேண்டியதுதானாம்.

கோயமுத்தூருக்கு ஆம்புலன்ஸ் சொன்னார்கள். அது வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரமும் நான் ஸ்ட்ரெச்சரில் படுத்து, பாதி திறந்திருந்த கதவு வழியாக உங்கள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இசக்கியம்மாவை உள்ளே கூப்பிட்டாள். அதற்கும் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொட்டாள். ஒரு குழந்தைக்கு நெஞ்சுப் படம் எடுத்தாள். அடுத்தது, அடுத்தது என்று பதினாலு பேர். ஒருவரிடமும் முகம் சுளிக்கவில்லை. பதினாலாவது ஆள் போனதும் கதவுக்குப் பின்னால் போய் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம்.

ஆபரேஷன் அன்று நடந்ததைப் பழனாத்தா உங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது, அவள் உள்ளே இல்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். பெரிய எலும்பு டாக்டர் என் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இந்த சைடு வியூவை யாருப்பா எடுத்தது? ஆங்கிள் அவ்வளவு கரெக்டா இருக்கு. மேல ஹில்ஸ்லயா எடுத்தாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். நான் பச்சைத் துணிக்குள்ளிருந்து, "என்ற மருமகளுங்க!" என்று சத்தம் போட்டேன். நான் கண்ணயர்ந்துவிட்டேன் என்று நினைத்திருந்தவர்கள் பதறிவிட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் அதிகமாக மருந்து கொடுத்தார்கள் போலிருக்கிறது, நீங்கள் வந்தபோது நான் பேசாமல் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

மூன்று ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள் சம்பந்தி. படம் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. மரை நல்ல மரை, முக்கோணமாக அழகாக இறக்கியிருக்கிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறேன். கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவருக்கும் காட்டினேன். டாக்டர் நௌமான் வீட்டுக்கே வந்து, "ஐயா, நான் விட்டதை உங்க மருமக புடிச்சாங்க" என்று என் எதிரிலேயே சொன்னார். நானும் உண்மையைச் சொன்னேன். "நீங்க உடலீங்க டாக்டர், நாந்தான் காலத் திருப்ப உடல" என்றேன். ரேஷன் கடைக்காரர் இப்போது நந்தகுமாரை, எக்ஸ்ரே சுகந்தி வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறாராம். குன்னூரில் தேயிலை புரோக்கர் ஆபீஸில் ஒன்பது வருடமாக இருக்கிறான், அவனுக்கு இப்போதுதான் ஊரில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு அலைகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரிய எலும்பு டாக்டர் இருக்கிறாரே, அவர் ஆபரேஷனோடு நிற்கவில்லை. படம் எடுத்த பெண்ணைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அவர்கள் ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எல்லாம் ஒரு வருடம் கற்றுக்கொடுத்து அங்கேயே வேலையும் தருகிறார்களாம். பதில் சொல்லித் திங்கட்கிழமையே சேர வேண்டுமாம். கோயமுத்தூரில் தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து போகலாம். நந்தகுமார், "உன்ற இஷ்டம்" என்று சொல்லிவிட்டான். பழனாத்தா, "போய்ட்டு வா கண்ணு" என்று சொல்லிவிட்டாள். நான் மட்டும் இருமினேன்.

தாங்கள் அவளைப் பெற்ற தகப்பன். நீங்கள் சொன்னால் கேட்பாள். போக வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள். என் சுயநலத்துக்காகச் சொல்லவில்லை. இந்த மலையில் எத்தனை பேர் விழுகிறார்கள்! மழைக்கு வழுக்கி விழுகிறவர்கள், லாரியிலிருந்து விழுகிறவர்கள், காட்டெருமையைத் துரத்தி விழுகிறவர்கள். இத்தனை எலும்பையும் யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள்? அது தவிர, சாயந்திரம் ஆறரை பஸ்ஸில் அவள் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றுமுன், "மாமா, இன்னிக்கு எத்தன அடி நடந்தீங்க?" என்று கேட்பாள். நான் நாற்பது என்பேன். "பொய்யி, அத்தைகிட்டக் கேட்டுட்டேன்" என்பாள். இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் எனக்கு நடக்கத் தோன்றாது. ஆகவே தயவுசெய்து திங்கட்கிழமைக்குள் போன் செய்து, சாதாரணமாகப் பேசுவது மாதிரி பேசி, மறுத்துவிடச் சொல்லவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். முட்டிவலிக்குத் தைலம் வேண்டாம், படம் எடுக்கச் சொல்லவும். சின்ன மகனுக்கும் அவன் பெண்டுபிள்ளைகளுக்கும் என் ஆசி. மாரியம்மன் புண்ணியத்தில் எல்லோரும் எலும்பு நோகாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி
அ. மாரப்பன்

பின்குறிப்பு: மறுநாள் காலை எழுதுவது. மேலே கடைசிக்கு முந்தின பக்கத்தில் கேட்டிருப்பதைத் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். இன்று விடிந்ததும் நான் தூங்குகிறேன் என்று நினைத்து, சுகந்தி ஈரத்துணிக்கு அந்தப் பக்கம் நின்று கோயமுத்தூருக்குப் போன் பேசினாள். "ரொம்ப சந்தோசங்க சார், ஆனா வர முடியாதுங்க. மாமா ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா அவரு மனசு எனக்குத் தெரியுமுங்க" என்றாள். சம்பந்தி, எனக்கு எங்கிருந்து அத்தனை சத்தம் வந்ததோ தெரியவில்லை. "அந்தப் போன இங்க கொண்டா!" என்று கத்தினேன். துணிக்கொடி அறுந்து என் மேலேயே விழுந்தது. ஈர வேட்டிக்குள்ளிருந்தபடியே போனை வாங்கி, "சார், நான் மாரப்பன் பேசறனுங்க. திங்கக்கெழம வந்து சேந்துக்குவா. நல்லபடியாச் சொல்லிக் குடுங்க. அவ குரல் சின்னதுன்னு நெனச்சுப்போடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். சுகந்தி, "மாமா, நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் தொண்டை கட்டிக்கொண்டதால் தலையை மட்டும் ஆட்டினேன். ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகவும். வழியனுப்ப நான் பஸ் நிறுத்தம்வரை வருவதாக இருக்கிறேன். டாக்டர் சம்மதித்துவிட்டார். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.